பெட்டியைத் திறக்க ஓர் ஆள்: நாளந்தா மாவட்டப் பள்ளிகளில் நடந்த ஒரு சோதனை

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 2015-16 கல்வியாண்டில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மனநலத்தையும் உடல்நலத்தையும் பள்ளிக்குள்ளேயே கவனிப்பதுதான் திட்டம். சில பள்ளிகளில் அந்த வேலைக்கென்றே ஓர் ஆளை நியமித்தார்கள். வேறு சில பள்ளிகளில் ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரிடம் அதே திட்டத்தைக் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து அளந்தபோது முதல் வகைப் பள்ளிகளில் பிள்ளைகளின் நிலை தெளிவாக முன்னேறியிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் எதுவும் நகரவில்லை. திட்டமே இல்லாத பள்ளிகள் எப்படி இருந்தனவோ அப்படியேதான் அவையும் இருந்தன.

நான் பதினெட்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிற ஆசிரியை. இந்த முடிவைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கிற எங்களால் முடியாதது, மனநலப் பட்டம்கூட இல்லாத ஒரு வெளியாளால் எப்படி முடியும் என்று தோன்றியது. கோபம் தணிந்த பிறகு கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரும் பள்ளியும்

நாளந்தா என்றதும் நமக்குச் செங்கல் விகாரைகளும் பழைய பல்கலைக்கழகமும்தான் நினைவுக்கு வரும். காஞ்சிபுரத்திலிருந்து போன தர்மபாலர் அங்கே பெரிய ஆசானாக இருந்தார் என்று சீனப் பயணி சுவான் சாங் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய நாளந்தா, பீகார் ஷரீஃபைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு விவசாய மாவட்டம்.

அப்போது அங்கே எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்பதுக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது பக்கத்து ஊரில் இருந்தது. தூரத்தைக் காரணம் காட்டிப் பெண் பிள்ளைகளை எட்டோடு நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. 2006-ல் மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு சேர்க்கை நன்றாகக் கூடியது. வீட்டில் முதல்முறையாக ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். புதுப் பள்ளி, புதுக் கூட்டம், உடம்பில் நடக்கிற மாற்றம், அடுத்த வருடம் வரப்போகும் போர்டு தேர்வு, வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்ட கல்யாணப் பேச்சு எல்லாம் ஒரே வருடத்தில் ஒரு பிள்ளையின் தலையில் இறங்குகின்றன. நம் ஊரிலும் ஒன்பதாம் வகுப்பு அப்படித்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லோரும் பொத்திப் பொத்திப் பார்ப்பார்கள். ஒன்பதில் இருக்கும் பிள்ளையை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சோதனையை நடத்தியது சங்கத் என்ற அமைப்பு. 1996-ல் கோவாவில் தொடங்கியது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் அதன் நிறுவனர்களில் ஒருவர். நம் நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. அவர்கள் வரும்வரை காத்திருக்க முடியாது, சாதாரண ஆட்களுக்கே நல்ல பயிற்சி கொடுத்து இந்த வேலையைச் செய்ய வைக்கலாம் என்பது அவர்களுடைய நெடுநாள் வாதம். கோவாவின் பள்ளிகளில் முதலில் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்துவிட்டுத்தான் பீகாருக்குப் போனார்கள். திட்டத்துக்கு சேஹர் என்று பெயர் வைத்தார்கள். விடியல் என்று பொருள். அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளையும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் பணம் கொடுத்தன.

மாவட்டத்தில் தகுதியுள்ளவை என்று கண்ட 112 பள்ளிகளிலிருந்து 75 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அவற்றை மறுபடியும் குலுக்கி மூன்று குழுவாக, குழுவுக்கு 25 பள்ளி என்று பிரித்தார்கள். முதல் குழுவில் சேஹர் மித்ரா, அதாவது நண்பர் என்ற பெயரில் ஓர் ஆலோசகர். இரண்டாவது குழுவில் ஓர் ஆசிரியரே மித்ரா. மூன்றாவது குழுவில் இரண்டும் இல்லை. வளரிளம் பருவத்தினருக்காக பீகார் அரசு ஏற்கெனவே நடத்திவந்த தரங் என்ற வகுப்பு மட்டும் மூன்று குழுவிலும் நடந்தது. ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு பள்ளி விலகிக்கொண்டதால் கடைசியில் 74 பள்ளிகள். தொடக்கக் கணக்கெடுப்பில் 13,035 பிள்ளைகளும் எட்டு மாதம் கழித்து 14,414 பிள்ளைகளும் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பள்ளி மனநலம் பற்றி நம் நாட்டில் இவ்வளவு பெரிய அளவில், குலுக்கல் போட்டு, ஒப்பிட்டுப் பார்த்த வேலை வேறொன்றை நான் படித்ததில்லை.

மித்ரா என்ன செய்தார்

இனி மித்ரா என்று நான் சொல்வது முதல் குழுவின் ஆலோசகரைத்தான். அவர் மருத்துவர் இல்லை. உளவியல் படித்தவரும் இல்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். அவருக்கு மேலே வழிகாட்ட மேற்பார்வையாளர் உண்டு. அவர் செய்த வேலை மூன்று அடுக்காக இருந்தது. அந்த வரிசையில் எனக்குப் பெரிய பாடம் இருந்தது.

முதல் அடுக்கு பள்ளி முழுவதற்குமானது. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் சேர்ந்த ஒரு நலக்குழு. மாதம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவது. சுத்தம், சீண்டலும் மிரட்டலும், மனநலம், போதைப் பழக்கம், இனப்பெருக்க நலம், ஆண்-பெண் சமத்துவம், உரிமையும் கடமையும், படிக்கும் முறை என்று பொருள்கள் மாறி மாறி வரும். அதே பொருளில் பிள்ளைகளே எழுதி வரைந்து ஒட்டுகிற சுவரிதழ். வினாடி வினா மாதிரி போட்டிகள். அப்புறம் ஒரு பெட்டி. கவலையோ புகாரோ யோசனையோ எதையும் சீட்டில் எழுதி அதில் போடலாம். பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது அடுக்கு குழுக்களுக்கானது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சில பிள்ளைகளைச் சேர்த்து ஒரு தோழர் குழு அமைத்தார்கள். மற்றப் பிள்ளைகளின் பிரச்சினைகளை அவர்கள் கொண்டுவருவார்கள், என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். பயிலரங்குகளும் நடந்தன.

மூன்றாவது அடுக்கில்தான் தனி ஆலோசனை. பிள்ளை தானாக வரலாம், ஆசிரியரும் அனுப்பலாம். மித்ரா உட்கார்ந்து கேட்டு, பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து, எதை மாற்ற முடியும், எதை முதலில் செய்யலாம் என்று பிள்ளையோடு சேர்ந்து யோசிப்பார். தன் கைக்கு மீறியது என்றால் நிபுணரிடம் அனுப்புவார்.

நம் பள்ளிகளில் மனநலம் என்றால் நேராக மூன்றாவது அடுக்குக்குத்தான் போகிறோம். ஒரு பிள்ளை மயங்கி விழுந்த பிறகு, கையைக் கீறிக்கொண்ட பிறகு, 'கவுன்சலிங் கொடுக்கணும்' என்று ஆளைத் தேடுகிறோம். அதுவரை முகம்கூடப் பார்த்திராத ஒருவர் முன்னால் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து 'சொல்லும்மா' என்கிறோம். நாளந்தாவில் மித்ராவைப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். காலைக் கூட்டத்தில் பேசுகிறவர், சுவரிதழுக்குப் பசை தடவுகிறவர், போட்டி நடத்துகிறவர் அவர்தான். அவரிடம் போய் நிற்பதால் யாரும் ஒரு பிள்ளையை 'மெண்டல்' என்று கேலி செய்ய முடியாது. சுவரிதழுக்குப் படம் கொடுக்கப் போகிற பிள்ளையும் அதே ஆளிடம்தானே போகிறது.

அளந்ததும் கிடைத்ததும்

அவர்கள் முதன்மையாக அளந்தது மனச்சோர்வை இல்லை, பள்ளிச் சூழலை. இந்தப் பள்ளி என்னுடையது என்று தோன்றுகிறதா, ஆசிரியர்களும் மற்றப் பிள்ளைகளும் எப்படி நடந்துகொள்கிறார்கள், என் பேச்சுக்கு இங்கே இடம் உண்டா என்கிற மாதிரியான கேள்விகளுக்கு 28-க்கு மதிப்பெண். ஆஸ்திரேலியாவில் உருவான கேள்வித்தாள் அது. பள்ளியின் காற்றே மாறினால் பிள்ளையின் மனசும் மாறும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது.

முடிவுகள் 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. மித்ரா இருந்த பள்ளிகளுக்கும் திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் நடுவே சூழல் மதிப்பெண்ணில் 7.57 வித்தியாசம். மித்ரா பள்ளிகளை ஆசிரியர் பள்ளிகளோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் அதே 7.57. இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதன் அர்த்தம் எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. ஆசிரியரிடம் திட்டத்தைக் கொடுத்ததும் ஒன்றுமே கொடுக்காமல் விட்டதும் ஒன்றாகவே முடிந்திருக்கிறது.

மனச்சோர்வை ஒன்பது கேள்விகள் கொண்ட, 27 மதிப்பெண் வரை போகிற வழக்கமான அளவுகோலால் பார்த்தார்கள். திட்டமில்லாத பள்ளிகளைவிட மித்ரா பள்ளிகளில் சராசரி 1.23 குறைவு. சீண்டலுக்கு ஆளாவது குறைந்தது. வன்முறைக்கு ஆளானதாகச் சொல்வதற்கான ஒப்புவாய்ப்பு, அதாவது ஆமாம் என்றவர்களுக்கும் இல்லை என்றவர்களுக்கும் உள்ள விகிதம், திட்டமில்லாத பள்ளிகளில் 1 என்றால் இங்கே 0.62. தானே மற்றவர் மீது வன்முறை காட்டியதாகச் சொல்வதில் 0.68. ஆண்-பெண் சமத்துவம் பற்றிய பார்வையும் இனப்பெருக்க நலம் பற்றிய அறிவும் கூடின. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் இவற்றில் ஒன்றில்கூட மாற்றம் தெரியவில்லை.

திட்டத்தை இரண்டாம் வருடமும் தொடர்ந்து, 17 மாத முடிவில் மறுபடி அளந்தார்கள். அந்த முடிவு 2020-ல் வெளிவந்தது. முதல் வருடப் பலன் கரைந்துபோயிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். புதிதாக ஒரு திட்டம் வரும்போது முதலில் இருக்கிற உற்சாகம் நமக்குத் தெரியாததா? ஆனால் மித்ரா பள்ளிகளில் பலன் இன்னும் பெரிதாகியிருந்தது. ஆசிரியர் பள்ளிகள் அப்போதும் நகரவில்லை.

ஆசிரியரால் ஏன் முடியவில்லை

இந்தக் கேள்வியில்தான் நான் நீண்ட நாள் நின்றேன். ஆய்வாளர்களின் எண்களுக்கு மேல் இனி வருவது என் சொந்த அனுபவத்திலிருந்து.

சில வருடங்களுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு பையன் தினமும் மூன்றாவது பீரியடில் தூங்கிவிடுவான். எழுப்பி நிற்க வைத்தேன். முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். ஒரு நாள் பொறுக்காமல் நன்றாகத் திட்டியும் விட்டேன். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் அவன் வரவில்லை. அவனுடைய கூட்டாளிதான் பிறகு சொன்னான்: இரவு அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும்போது இவன் தங்கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பானாம், விடிகிற வரைக்கும். 'ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?' என்று கேட்டேன். 'சொன்னா நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவீங்கன்னு பயந்தான் டீச்சர்' என்றான்.

அவன் பயந்ததில் தப்பே இல்லை. நான் அதைத்தான் செய்திருப்பேன்.

மதிப்பெண் போடுகிறவர், வருகைப் பதிவேட்டில் குறிக்கிறவர், பெற்றோரை வரச்சொல்கிறவர், நடத்தைச் சான்றிதழில் எழுதுகிறவர் எல்லாமே ஆசிரியர்தான். பிள்ளை ஒரு விஷயத்தை நம்மிடம் சொன்னால் அது நம்மோடு நிற்காது என்று அதற்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது 'அந்தப் பொண்ணு வீட்ல என்ன நடக்குது தெரியுமா' என்று நாம் பேசுகிறோம். அக்கறையில்தான் பேசுகிறோம். ஆனால் அடுத்த பீரியடுக்கு வருகிற ஆசிரியர் தன்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்ப்பதைப் பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறது.

பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடாத ஒரு சீட்டு வருகிறது. கணக்கு சார் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார் என்று எழுதியிருக்கிறது. அதைத் திறந்து படிப்பவர் கணக்கு சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற அறிவியல் டீச்சர். கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று அவருக்குத் தெரியும், அவர்தானே கட்டுரை நோட்டைத் திருத்துகிறார். தலைமையாசிரியரிடம் கொண்டுபோனால் சக ஆசிரியரைக் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார். சீட்டு மடித்து மேசை டிராயருக்குள் போகும். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பார்க்கும், இரண்டு வாரம் பார்க்கும், பிறகு எழுதாது. மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடும். பெட்டி தூசி பிடித்துப்போகும். பள்ளி ஊழியராக இல்லாத மித்ராவுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர் அந்தச் சீட்டைக் குழுவின் முன்னால் வைத்துப் பேச முடியும்.

நேரத்தைப் பற்றி ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு பீரியடில் ஆறு வகுப்பு, மீதியில் நோட்டு திருத்தம், எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை, இலவசப் பொருள் வழங்கும் கணக்கு. வெளி மாநிலத்திலும் கதை இதேதான். ஒரு பிள்ளை அழத் தொடங்கிப் பேச வருவதற்கு இருபது நிமிடம் ஆகும். அது பேசத் தொடங்குகிற நேரத்தில் பெல் அடித்துவிடும். 'சரிம்மா, நாளைக்குப் பேசுவோம்' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த நாளை பெரும்பாலும் வந்ததில்லை. ஆசிரியருக்கு இது ஏழாவது வேலை, மித்ராவுக்கு இது ஒன்றுதான் வேலை. கையேட்டில் எவ்வளவு நல்ல பயிற்சி இருந்தாலும் இந்த இடைவெளியை அது நிரப்பாது.

இதனால் ஆசிரியருக்கு இந்த விஷயத்தில் இடமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, யார் கூட்டத்திலிருந்து ஒதுங்கிவிட்டாள் என்று முதலில் கண்ணில் படுவது எங்களுக்குத்தான். மித்ரா பள்ளிகளிலும் ஆசிரியர்கள் பிள்ளைகளை அனுப்ப வழி இருந்தது. பார்த்துச் சொல்ல ஆசிரியர் போதும். சொன்ன பிறகு அந்தப் பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

எனக்கு இருக்கும் சந்தேகங்கள்

சூழல் மதிப்பெண்ணில் வந்த மாற்றத்தைப் புள்ளியியலில் விளைவின் அளவு என்று சொல்கிற கணக்கில் பார்த்தால் 1.88. பள்ளித் திட்டங்களில் 0.2, 0.3 வந்தாலே நல்லது என்பார்கள். இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது. பதில் சொன்னவர்கள் பிள்ளைகள். தங்களுக்காக ஒருவர் வந்து எட்டு மாதம் உழைத்ததைப் பார்த்த பிள்ளைகள் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் போட்டிருக்கலாம். பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம்தான் கேட்கவும் முடியும். என் வகுப்புப் பையன் மாதிரி நின்றுவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். மனச்சோர்வில் வந்த 1.23 குறைவும் சராசரி. மிகவும் ஒடிந்துபோன ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்பதை இந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது.

சங்கத் அமைப்பே டெல்லியில் 2018-19-ல் செய்த இன்னொரு சோதனையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே மனத்துன்பம் கூடுதலாக இருந்த 251 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்குப் பிரச்சினை தீர்க்கும் முறையைப் படக்கதைப் புத்தகமாகக் கொடுத்தார்கள். மறுபாதிக்குப் புத்தகத்தோடு ஆலோசகரின் சில அமர்வுகளும் உண்டு. ஆலோசகரைப் பார்த்தவர்கள் தங்கள் பிரச்சினையின் பாரம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஆறு வாரத்தில் மனநல அறிகுறிகளில் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பள்ளி முழுவதையும் தொடாமல் அமர்வுகளை மட்டும் கொண்டுவந்தால் பலன் ஒரு எல்லையோடு நின்றுவிடும் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

மற்ற நாடுகளிலும் படிக்க வேண்டியவை உண்டு. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களே மனக்கவனப் பயிற்சி, அதாவது மைண்ட்ஃபுல்னெஸ், சொல்லிக்கொடுத்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான வகுப்பைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இலங்கையின் வடக்கு. போரால் பாதிக்கப்பட்ட 399 குழந்தைகளை வைத்து, பள்ளியிலேயே 15 அமர்வுகளாக நடந்த ஒரு சோதனை 2012-ல் வெளிவந்தது. சில குழந்தைகளுக்குச் சில விஷயங்களில் உதவியது. ஆனால் பெண் குழந்தைகளிடம் அதிர்ச்சியின் அறிகுறிகள், அமர்வுக்குக் காத்திருந்த பெண் குழந்தைகளிடம் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் பிள்ளைகளைக் காயப்படுத்திவிடலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். 'ஏதாவது ஒரு நிகழ்ச்சி வையுங்க, மனநல வாரம் வருது' என்று சுற்றறிக்கை வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

இங்கே என்ன நடக்கிறது

நாளந்தாவின் முடிவு வெளிவந்தது 2018 கடைசியில். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு, ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் பள்ளி நலத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஆண், ஒரு பெண், நலத் தூதர்கள். அவர்கள் எடுக்க வேண்டிய பதினோரு பொருள்களில் மனநலமும் ஒன்று. நாளந்தாவில் எந்த வழி பலன் தரவில்லையோ அந்த வழியையே நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை வருத்தம். ஆசிரியர் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார், புது ஆளுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கணக்கு புரிகிறது. பலனே இல்லாத இடத்தில் மிச்சமாகிற பணம் மிச்சம்தானா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலைகள் பற்றிய ஒரு வழக்கில், நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் படிக்கிற கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டியது. கூட்டம் நிறைந்த அரசுப் பள்ளிகள் எத்தனையோ இதற்குள் வரும். ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு நாளந்தாவில் ஒரு பதில் இருக்கிறது: பட்டத்தை மட்டும் பார்க்காமல், நன்றாகப் பயிற்சி கொடுத்து, மேலே ஒரு மேற்பார்வையாளரையும் வைத்தால் உள்ளூர் இளைஞர்களாலேயே தொடங்க முடியும். அதை அந்த வழிகாட்டுதலின் 'தகுதி' என்ற சொல்லுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி இருக்கிறது. பெயரே அழகு. 14417 என்ற கல்வி உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் பள்ளியிலும் ஒரு பெட்டி ஹெச்.எம். அறைக்கு வெளியே மாட்டியிருந்தது. அந்த இடத்தில் நின்று சீட்டுப் போடும் பிள்ளையை வராந்தா முழுக்கப் பார்க்கும். நாளந்தாவைப் பற்றிப் படித்த பிறகு ஹெச்.எம்.மிடம் பேசினேன். பெட்டியை நூலகத்துக்குப் போகும் வழியில் மாற்றினோம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். பெட்டியைத் திறந்து, வந்தவற்றுக்குத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பதில் சொல்வது என்று முடிவு செய்தோம். நான் மித்ரா ஆகிவிட முடியாது என்பது இத்தனை எழுதிய எனக்கே தெரியும். ஆள் வரும்வரை பெட்டியாவது உயிரோடு இருக்கட்டும் என்றுதான் தொடங்கினேன்.

முதல் வாரம் ஒரே ஒரு சீட்டு. பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இருந்தது. திங்கட்கிழமை அதைப் படித்தேன், புதன்கிழமை தாழ்ப்பாள் போட்டாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு சீட்டு. தண்ணீர், பஸ், ஒரு பையனின் பட்டப்பெயர், சத்துணவு முட்டை. ஐந்தாவது வாரம் ஒரு சீட்டு வந்தது. நான்காக மடித்து, ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்ததைக் காலைக் கூட்டத்தில் சொல்ல முடியாது, இங்கேயும் எழுத முடியாது. எழுதிய பெண்ணைக் கண்டுபிடிக்க நான் முயலவில்லை. 'நீ எழுதியதைப் படித்தேன், நம்புகிறேன், 1098-ல் பேச என் போன் உண்டு' என்று மட்டும் எழுதி, அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நூலகத்து ஜன்னலில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். நான் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்று அந்த வகுப்புக்குப் போகவில்லை. நாற்பது பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதற்காக எனக்கு விளக்கக் கடிதமும் கேட்டார்கள், கொடுத்தேன். 1098-ல் பேசினோம், அவளுக்கான வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள்: பள்ளிக்கு ஒரு முழு நேர ஆலோசகர் வேண்டும். விளக்கக் கடிதத்தின் நகலையும் அதோடு இணைத்து அனுப்பியிருக்கிறோம்.